டர்பன்லேர்ந்து அமெரிக்காவுல எல்க் மான் கொம்பு உதிர்க்கறதைப் பார்க்கப் போறவங்களுக்கு, நான் பட்டதைச் சொல்றேன்

ஆபீஸ்ல லீவு கேக்கும்போது "ஷெட்டிங் பார்க்கப் போறேன்"னு சொன்னேன். எதிர் சீட்டு கோவிந்தர் அண்ணன் சிரிச்சிட்டாரு, "அதுக்கு எதுக்கு தம்பி அமெரிக்கா, சாட்ஸ்வொர்த்ல எங்க வீட்டுக்கு வா, தினம் ரெண்டு தடவை ஷெட்டிங் இருக்கு"ன்னாரு. அது லோட் ஷெட்டிங், கரண்ட் கட்டு அண்ணே, இது கொம்பு உதிர்க்கறதுன்னு புரியவைக்க பத்து நிமிஷம் ஆச்சு.

2024 மார்ச் 8 கிளம்பி 20 திரும்பினேன். பார்க்க வேண்டியதைப் பார்த்துட்டேன், ஆனா பேப்பர்ல, தேதியில, ரூட்டுல, கடைசியில ஏர்போர்ட்லன்னு எல்லா இடத்துலயும் அடி வாங்கினேன். யாருகிட்ட கேக்கறதுன்னு தெரியாம தடவினதுதான் காரணம். நீங்களாச்சும் தப்பிச்சுக்குங்க.

1. முதல்ல எந்தக் கொம்புன்னு தெளிவாகுங்க

தமிழ்ல ரெண்டுக்கும் கொம்புதான், ரெண்டும் மான்தான், குழப்பமே அங்கதான் ஆரம்பம். நம்ம ஷ்லுஷ்லுவேல பார்க்கற கூடூ, நியாலா, இம்பாலா, ரக்பி ஜெர்சியில இருக்கற ஸ்பிரிங்பாக் எதுவும் கொம்பை உதிர்க்காது. அது மாட்டுக்கொம்பு மாதிரி, உள்ள எலும்பு, மேல நகம் மாதிரி உறை, சாகற வரைக்கும் அதே கொம்பு. எல்க் வேற ஜாதி, ஊர்ல இருக்கற கடமான், புள்ளிமான் குடும்பம். முழுக்க எலும்பு, கிளை கிளையா இருக்கும், ஆணுக்கு மட்டும் வரும், வருஷா வருஷம் விழுந்து மறுபடி முளைக்கும். தென்னாப்பிரிக்கக் காட்டுல சொந்தமா இந்த ஜாதி கிடையாது, வெளியிலேர்ந்து கொண்டுவந்து பண்ணையில விட்ட ஃபாலோ மான் மாதிரி சிலதுதான் உண்டு. ஒரு கைடு தம்பிகிட்ட "கூடூ எப்ப கொம்பு போடும்"னு கேட்டு அசிங்கப்பட்டவன் நான், அதான் இதை முதல்ல வெச்சேன்.

2. தேதியை முடிவு பண்ணிட்டுத்தான் மத்ததெல்லாம்

ஆண் எல்க் பெரும்பாலும் மார்ச், ஏப்ரல்ல கொம்பைப் போடும். எல்லாம் ஒரே நேரத்துல போடாது. வயசான பெரிய கொம்புக்காரன் முதல்ல, சிலது பிப்ரவரி கடைசியிலேயே. ஒத்தைக் குச்சி மாதிரி கொம்பு வெச்சிருக்கற சின்னப் பசங்க கடைசியில, மே வரைக்கும்கூட தூக்கிட்டுத் திரியும். அதனால மார்ச் ரெண்டாவது வாரத்துலேர்ந்து ஏப்ரல் முதல் வாரத்துக்குள்ள போனா ஒரே கூட்டத்துல ரெண்டு கொம்பு, ஒத்தைக் கொம்பு, மொட்டைன்னு மூணும் பார்க்கலாம். இதுதான் நல்ல நேரம்.

நம்மாளுங்களுக்கு ஒரு சிக்கல் இருக்கு. மவுண்ட் எட்ஜ்கோம்ப் மாரியம்மன் கோயில் திருவிழா புனித வெள்ளியை ஒட்டித்தான் வரும், அதுவும் இதே சீசன்ல. 2024ல புனித வெள்ளி மார்ச் 29, அதனாலதான் 20ஆம் தேதிக்குள்ள ஓடி வந்தேன், வீட்டுல நேர்த்திக்கடன் இருந்துச்சு. 2027ல அது மார்ச் 26. காலண்டரைப் பக்கத்துல வெச்சிக்கிட்டு டிக்கெட் போடுங்க.

பெரிய பொறி இன்னொண்ணு. கொம்பு விழறதைப் பார்க்கறது ஒரு பயணம், விழுந்த கொம்பைப் பொறுக்கறது வேற பயணம். ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக் குழப்பிக்கிட்டு, பெரிய பை ஒண்ணு காலியா எடுத்துட்டுப் போனேன் பாருங்க, அந்தக் கதை ஆறாவதுல வருது.

3. விசா

சுற்றுலாவுக்கு பி1/பி2. ஆன்லைன்ல டிஎஸ்-160 ஃபாரம், கட்டணம் 185 டாலர், டாலருக்கு 18 ரேண்ட்னு வெச்சா 3,330 ரேண்ட், விசா கிடைக்கலன்னாலும் திரும்ப வராது. இந்தியா பாஸ்போர்ட் வெச்சிருந்தாலும் இங்க வசிக்கறதுக்கு ஆதாரம் இருந்தா இங்கயே போடலாம், ஊருக்குப் போகணும்னு இல்ல.

நம்ம ஊர் பாஸ்போர்ட்காரங்களுக்கு மட்டும் ஒரு கண்ணிவெடி: சர்நேம். நாயுடு, பிள்ளை, கோவிந்தர்னு இங்க பிறந்தவங்களுக்கு இந்தப் பிரச்சனையே இல்ல. எனக்கு பாஸ்போர்ட்ல ஒரே பேரு, சர்நேம் கட்டம் காலி. நான் பாட்டுக்கு அப்பா பேரைத் தூக்கி சர்நேம்ல போட்டேன், அப்புறம் எல்லாத்தையும் அழிச்சு முதல்லேர்ந்து. சரியான முறை, அந்த ஒத்தைப் பேரை சர்நேம் கட்டத்துல போடணும், கிவன் நேம் கட்டத்துல எஃப்என்யூ (FNU, முதல் பேரு தெரியாதுன்னு அர்த்தம்)ன்னு மூணு எழுத்து போடணும். விசாவுல எப்படி வருதோ அதைப் பார்த்துட்டு விமான டிக்கெட்ல எப்படிப் போடறதுன்னு ஏஜென்ட்கிட்ட கேட்டுக்குங்க, அவசரப்பட்டு முன்னாடியே புக் பண்ணாதீங்க.

போட்டோவுல கண்ணாடி கூடாது, நான் கண்ணாடியோட எடுத்துட்டுப் போய் மறுபடி எடுத்தேன். கையில வெச்சிக்க வேண்டியது: பாஸ்போர்ட், இங்க இருக்கற வேலை விசா (பயணம் முடிஞ்சு திரும்பற தேதிக்கு அப்புறமும் செல்லணும்), கம்பெனி லெட்டர்ல லீவு தேதி, மூணு மாச சம்பளச் சீட்டு, பேங்க் ஸ்டேட்மென்ட். நேர்காணல்ல எதுக்குப் போறேன்னு கேட்டாங்க. மான் கொம்பு விழறதைப் பார்க்கன்னேன். நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்துட்டு எந்த ஊருன்னு மட்டும் கேட்டாங்க, அவ்ளோதான். உண்மையைச் சொல்லுங்க, சுருக்கமா சொல்லுங்க. தேதி கிடைக்க மாசக்கணக்கா ஆகலாம், அதனால மார்ச் பயணத்துக்கு முந்தின வருஷம் ஜூன், ஜூலையிலேயே ஆரம்பிச்சிடுங்க.

4. டிக்கெட், கார், ரோடு

ஜோபர்க் (ஜோகன்னஸ்பர்க்) ஏர்போர்ட்லேர்ந்து அட்லாண்டாவுக்கு நேர் விமானம் இருக்கு, அங்கேர்ந்து மாறி மான்டானால இருக்கற போஸ்மன். ஐரோப்பா வழியா மலிவா கிடைக்கும், ஆனா இந்தியா பாஸ்போர்ட்டுக்கு டிரான்சிட் விசா கேக்குமான்னு பார்த்துட்டு எடுங்க. போஸ்மன்லேர்ந்து கார்ல ஒன்றரை மணி நேரம், கார்டினர்னு ஒரு குட்டி ஊரு, யெல்லோஸ்டோன் பார்க்கோட வடக்கு வாசல். அங்கயே தங்கிடுங்க.

கார் எடுக்கும்போது பனிக்கு ஏத்த டயர் இருக்கான்னு குனிஞ்சு பாருங்க, வாயால கேட்டா எல்லாம் இருக்குன்னுதான் சொல்லுவாங்க. நாம இடது பக்கம் ஓட்டிப் பழகினவங்க, அங்க வலது பக்கம். முதல் நாள் ரோபோவுல (அதான் டிராஃபிக் சிக்னல்) இடது திரும்பும்போது எதிர் லேன்ல போயிட்டேன், நல்ல வேளை எதிர்ல வந்தது ஒரு பக்கி (பிக்கப் வண்டி) மட்டும், அவரும் நிறுத்தி கை காமிச்சாரு.

அப்புறம் மேப். கார்டினர்லேர்ந்து தெக்கால வயோமிங்ல இருக்கற ஜாக்சன் ஊருக்குப் போனா நேஷனல் எல்க் ரெஃப்யூஜ்னு ஒரு சரணாலயம், 1912ல அமைச்சது, குளிர்காலத்துல ஆயிரக்கணக்குல எல்க் வந்து நிக்கும். டிசம்பர் நடுவுலேர்ந்து ஏப்ரல் ஆரம்பம் வரைக்கும் குதிரை இழுக்கற பனிவண்டியில கூட்டிட்டுப் போவாங்க. சரி, பார்க்குக்குள்ள புகுந்து போயிடலாம்னு நான் கணக்குப் போட்டேன். குளிர்காலத்துல பார்க்குக்குள்ள கார் ஓட்ட ஒரே ரோடுதான் திறந்திருக்கும், வடக்கு வாசல்லேர்ந்து மேமத் வழியா வடகிழக்கு வாசல் வரைக்கும். மத்தது எல்லாம் பனி மூடி அடைச்சிருப்பாங்க. பார்க்கைச் சுத்தி வெளியால போனா அரை நாளுக்கு மேல ஓடிடும். அதனால ரெண்டுல ஒண்ணைத் தேர்ந்தெடுங்க. கொம்பு விழறதைக் கவனிக்கறதுக்கு எனக்கு கார்டினர் பக்கம்தான் சரின்னு பட்டுச்சு.

இன்னொண்ணு, மார்ச் ரெண்டாவது ஞாயிறு அங்க கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னாடி தள்ளுவாங்க. நான் போய்ச் சேர்ந்த மறுநாளே அதுதான். புது நேரத்துல போட்டிருந்த சூரிய உதயக் கணக்கைப் பார்த்துட்டு, கையில கட்டியிருந்த, நேரம் மாத்தாத பழைய வாட்ச்சை நம்பி விடிகாலைன்னு போய் நின்னா சூரியன் வந்து உக்காந்திருக்கு.

5. என்ன பார்க்கணும், எப்படிப் பார்க்கணும்

குளிர்காலத்துல ஆண்கள் தனியாத்தான் நிக்கும், அஞ்சு, எட்டு, பத்துன்னு பசங்க கூட்டம். பொட்டைங்களும் குட்டிங்களும் பெருங்கூட்டமா தாழ்வான இடத்துல இருக்கும், ஆண்கள் இன்னும் கொஞ்சம் மேல, பனி அதிகமா இருக்கற பக்கம். கார்டினர்ல ரோட்டோரம் எல்க் நிக்குதேன்னு ரெண்டு நாள் வீணாக்கினேன், எல்லாம் பொட்டை. மேமத் தாண்டி பிளாக்டெயில் மேட்டுப் பக்கம் போனதும்தான் ஆண் கூட்டம் கண்ணுல பட்டுச்சு. வெயில் விழற தெக்குப் பார்த்த சரிவு, காத்து பனியை அடிச்சுட்டுப் போன மொட்டை மேடு, இந்த ரெண்டையும் பைனாகுலர்ல தடவிக்கிட்டே போங்க.

தூரம்: எல்க்கிலேர்ந்து 23 மீட்டராவது தள்ளி நிக்கணும்னு பார்க் விதி. கிரிக்கெட் பிட்ச்சு நீளம், அதுக்கு மேல நாலு எட்டு, அப்படி நினைவு வெச்சிக்குங்க. கரடிக்கும் ஓநாய்க்கும் 91 மீட்டர். ட்ரோன் கூடவே கூடாது. நான் எல்க்குக்கும் அறுபது எழுபது மீட்டர் விட்டுத்தான் நின்னேன், ஏன்னா மார்ச்ல அதுங்க உடம்புல கொழுப்பெல்லாம் தீர்ந்து கடைசித் துளியில ஓடிட்டிருக்கும். நாம ஒரு தடவை துரத்தினா அது ஆழமான பனியில ஓடி செலவழிக்கற சத்து அங்க திரும்பக் கிடைக்காது.

சரி, கொம்பு எப்படி விழுது. பகல் நேரம் நீள நீள, ஆண்மைச் சுரப்பு இறங்கிட்டே வரும். அது இறங்கினதும், மண்டையில கொம்பு உக்காந்திருக்கற மேடையில எலும்பைத் தின்னுற செல்லுங்க வேலையை ஆரம்பிக்கும், இணைப்பு அரிச்சுப் போயிடும். நல்ல பெரிய ஆணுக்கு ஜோடி கொம்பு 14 கிலோ வாக்குல இருக்கும், அரிச்சு முடிச்சதும் அது சொந்தக் கனத்துலயே விழும், இல்லன்னா வேலி தாண்டற குலுக்கல்ல, புதர்ல உரசற நேரத்துல போகும்.

"விழறதுக்கு முன்னாடி ரொம்ப அறிகுறி காமிக்கும்"னு சொல்லுவாங்க, நம்பாதீங்க. நான் நாலு நாள் பார்த்ததுல, முதல் நாள் சாயங்காலம் வரைக்கும் கம்பீரமா முட்டிட்டு நின்னது மறுநாள் காலையில ஒத்தைக் கொம்பு. அறிகுறின்னா அந்த ஒத்தைக் கொம்பு நிலைமைதான். ரெண்டும் சேர்ந்து விழறது கம்மி, சில மணி நேரமோ ரெண்டொரு நாளோ இடைவெளி விடும். அப்ப தலை ஒரு பக்கமா சாயும், அடிக்கடி உதறும், பின்னங்காலால காது பக்கம் சொறியும், புதர்ல கொண்டு போய் இடிக்கும். ஒத்தைக் கொம்புக்காரனைக் கண்டா இடத்தை விட்டு நகராதீங்க, தெர்மாஸ்ல காபி போட்டு உக்காந்துடுங்க.

அப்படி உக்காந்த மூணாவது நாள், காலை எட்டே கால் இருக்கும். இடது கொம்பு மட்டும் வெச்சிருந்த ஒண்ணு, குனிஞ்சு பனியைக் காலால பறிச்சு புல்லு மேய்ஞ்சிட்டிருந்தது, நிமிர்ந்து தலையை ஒரு உதறு உதறிச்சு, அவ்வளவுதான், கொம்பு சரிஞ்சு பனியில குத்திக்கிட்டு நின்னுச்சு. சத்தமே கேக்கல. அது திடுக்குன்னு ரெண்டடி பின்னாடி போய், கழுத்தை நீட்டி தன் கொம்பையே மோந்து பார்த்துச்சு. யாருதுன்னு தெரியாத மாதிரி. அப்புறம் திரும்பி மேய ஆரம்பிச்சிடுச்சு. பைனாகுலர்ல பார்த்தா மண்டையில புதுசா ஒரு வட்டம், பூசணிக்காய் உடைக்கறதுக்கு முன்னாடி குங்குமம் அப்பி வெப்போமே, அந்தச் சிவப்பு. பக்கத்து வட்டம் ஏற்கனவே காஞ்சு பொருக்கு கட்டியிருந்துச்சு.

இதுக்கு அப்புறம்தான் உண்மையான கூத்து. "உனக்கென்ன ரெண்டு கொம்பா முளைச்சிருக்கு"ன்னு நம்ம ஊர்ல கேப்போமே, அது அங்க நேராவே நடக்குது. கூட்டத்துல நேத்து வரைக்கும் எல்லாரையும் ஒதுக்கிட்டு நல்ல புல்லு தின்னவன், கொம்பு போனதும், வத்தல் மாதிரி கொம்பு வெச்சிருக்கற சின்னப் பையன் வந்து குத்தினாக்கூட ஒதுங்கிப் போவான். கொம்பை எவ்வளவு நாள் தள்ளி வெச்சிருக்கானோ அவ்வளவு நாள் சாப்பாட்டுல முன்னுரிமை. மொட்டைங்க ரெண்டு மோதினா முட்டிக்க முடியாது, பொட்டைங்க மாதிரி பின்னங்கால்ல எழுந்து நின்னு முன்னங்குளம்பால அடிச்சுக்கும். தலையைத் தூக்கி, காதைப் பின்னால மடிச்சு, மேல் உதட்டைத் தூக்கி பல்லைக் கடிச்சிச்சுன்னா அடுத்தது அடிதான். அந்த முகத்தை நம்ம பக்கம் காமிச்சா பேசாம காருக்குள்ள போயிடுங்க. கொம்பு இல்லையே, சாதுன்னு நினைச்சு கிட்டப் போறவங்கதான் அடிவாங்கறாங்க. முந்நூறு கிலோவுக்கு மேல உடம்பு, குளம்பு போதும் அதுக்கு.

ஓநாய் விஷயம் இன்னும் சுவாரஸ்யம். யெல்லோஸ்டோன் ஓநாய்ங்களைப் பத்தி 2018ல ஒரு ஆய்வு வந்துச்சு, கொம்பைச் சீக்கிரம் உதிர்த்த ஆண்களையே ஓநாய்ங்க தேடிப் பிடிக்குதுன்னு. இத்தனைக்கும் சீக்கிரம் உதிர்க்கறவங்கதான் உடம்புல நல்லா இருக்கறவங்களாம். கூட்டத்துல எவன்கிட்ட ஆயுதம் இல்லைங்கறதைத்தான் ஓநாய் பார்க்குது. அதனால மொட்டை ஆணுங்க கூட்டத்தை விட்டு விலகி நிக்கறதை நான் அதிகம் பார்க்கல, நெருக்கமாத்தான் நின்னுச்சு. சரி, அப்ப ஏன் சீக்கிரம் உதிர்க்கணும்? சீக்கிரம் போட்டவனுக்கு அடுத்த கொம்பு சீக்கிரம் ஆரம்பிக்கும், பெருசா வளரும். காயம் ஆறின கையோட வெல்வெட் போர்த்தின மொட்டு கிளம்பும், உச்ச வளர்ச்சியில ஒரு நாளைக்கு ரெண்டு சென்டிமீட்டருக்கு மேலகூட போகும். ஏப்ரல் கடைசியில போறவங்களுக்கு அந்த மொட்டு தெரியும், ரத்தம் ஓடற இளசு, அதனால எதுலயும் இடிச்சுக்காம பதமா நடக்கும்.

6. கீழ கிடக்கற கொம்பைத் தொடாதீங்க

அந்தக் கொம்பு என் கண்ணெதிர்ல பனியில நின்னுச்சு, எல்க் கூட்டம் மேட்டுக்கு அந்தப் பக்கம் போயிடுச்சு. காலியா ஒரு பை கார்ல இருக்கு. நல்ல வேளை பக்கத்துல டெலஸ்கோப் வெச்சிருந்த ஒரு வயசான அம்மா என் பார்வையைப் பார்த்தே புரிஞ்சுக்கிட்டு "வேணாம் பையா"ன்னு தலையாட்டினாங்க. தேசியப் பார்க்குக்குள்ள கொம்பை எடுக்கறது குற்றம், வருஷம் முழுக்க. அணில், எலி, முள்ளம்பன்றி எல்லாம் அதைக் கொறிச்சுத்தான் கால்சியம் தேத்திக்குது.

பொறுக்கணும்னே ஆசைன்னா அது மே மாசப் பயணம். வயோமிங் மாநிலத்தோட மேற்குப் பக்கத்துப் பொது நிலங்கள்ல ஜனவரி 1லேர்ந்து ஏப்ரல் 30 வரைக்கும் தடை. 2024லேர்ந்து உள்ளூர்க்காரங்களுக்கு மே 1 காலை 6 மணிக்குத் திறக்குது, வெளியாட்களுக்கு ஒரு வாரம் கழிச்சு மே 8. வெளியாட்கள் 15 வயசோ அதுக்கு மேலயோ இருந்தா 21.50 டாலருக்கு ஒரு ஸ்டாம்ப்பும் வாங்கணும். போற வருஷத்து விதியை மாநில வனவிலங்குத் துறை தளத்துல ஒரு தடவை பார்த்துடுங்க. எல்க் ரெஃப்யூஜ்ல விழறதை பாய் ஸ்கவுட் பசங்கதான் அனுமதியோட பொறுக்கி மே மாசம் ஜாக்சன் ஊர்ச் சதுக்கத்துல ஏலம் விடுவாங்க, பணத்துல பெரும்பங்கு சரணாலயத்துக்கே போகும்.

7. திரும்பி வரும்போது

இதுலதான் எனக்கு வயிறு எரிஞ்சது. கடையில முறையா ரசீதோட ஒரு சின்னக் கொம்பு வாங்கினேன், முழங்கை நீளம். ஜோபர்க்ல இறங்கி சிவப்பு வழியில போய் நானே சொன்னேன். "கால்நடை இறக்குமதி பர்மிட் எங்க?"ன்னாரு அங்க இருந்த அதிகாரி. மிருகப் பொருள் எதுவா இருந்தாலும் அது கிளம்பறதுக்கு முன்னாடியே இங்க விவசாயத் துறையில பர்மிட் வாங்கியிருக்கணும், அந்தப் பக்கத்து கால்நடை அதிகாரி சான்றிதழும் வேணும். அமெரிக்கா விட்டு வெளிய எடுக்கறதுக்கும் அங்க வனவிலங்கு டிக்ளரேஷன் வேணுமான்னு பார்க்கணும். என்கிட்ட கடை ரசீது மட்டும். வாங்கி வெச்சிக்கிட்டாங்க. அவங்க மேல தப்பில்ல, படிக்காம போனது நான். சொல்லாம பச்சை வழியில போயிருந்தா இன்னும் மோசமாகியிருக்கும். ஒத்தைக் கொம்புக்கு இவ்வளவு பேப்பர் கட்டுப்படியாகாது, போட்டோ எடுத்துட்டு வந்துடுங்க.

அதை ஊருக்கு அனுப்பலாம்னு யோசிக்கறவங்க அந்த நினைப்பையே விட்டுடுங்க. இந்தியா கஸ்டம்ஸ்ல வனவிலங்குப் பொருள் தடைப் பட்டியல். பையில இருக்கறது எல்க்கா கடமானான்னு அங்க நின்னு நிரூபிக்க வேண்டியது நீங்கதான்.

போகும்போதும் இதே கதைதான். பில்டாங் (காய வெச்ச இறைச்சி), மட்டன் ஊறுகாய் எதுவும் அமெரிக்காவுக்குள்ள விடமாட்டாங்க. கரடி ஸ்பிரே விமானத்துல எந்தப் பையிலயும் கூடாது, கார்டினர்ல வாங்கிக்குங்க. மார்ச்லேயே ஆண் கரடிங்க குகையை விட்டு வெளிய வர ஆரம்பிச்சிடும், அதனால வேணாம்னு விட்டுடாதீங்க.

8. செலவு

ஒத்தை ஆளுக்கு என் கணக்கு. விமானம் போக வர முப்பதாயிரம் ரேண்டைத் தாண்டுச்சு. விசா 3,330. கார், ரூம் ரெண்டும்தான் கடிக்கும், ரெண்டு பேரு சேர்ந்து போனா பாதி, நான் தனியாப் போய் முழுசா கட்டினேன். பார்க் நுழைவு நான் போனப்ப காருக்கு 35 டாலர், ஏழு நாள் செல்லும். 2026 ஜனவரிலேர்ந்து அமெரிக்காவுல வசிக்காதவங்களுக்கு யெல்லோஸ்டோன் உள்பட 11 பார்க்ல தலைக்கு 100 டாலர் கூடுதல், அதனால குடும்பத்தோட போறவங்க வெளிநாட்டுக்காரங்களுக்கான 250 டாலர் வருஷ பாஸ் லாபமான்னு கணக்குப் பாருங்க.

குளிர்த் துணிக்கு இங்க டர்பன்ல காசைக் கொட்டாதீங்க, இங்க கிடைக்கறது அந்தக் குளிருக்குக் காணாது. காலையில மைனஸ் 12. போஸ்மன்ல பழைய துணிக்கடை இருக்கு, கோட்டும் பூட்ஸும் நான் அங்கதான் எடுத்தேன், திரும்பும்போது அதே கடையில குடுத்துட்டு வந்துட்டேன், பையில இடம் மிச்சம்.